பழனி தெரியும் கோயில், பழனி தெரியாத குகை

கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வளாகத்தில் நின்றால், பனி விலகிய காலையில் கீழே பழனி தெரியும். கோலாலம்பூரை அடுத்த பத்துமலைக் குகை வாசலில் நின்றால் நெடுஞ்சாலையும் அடுக்குமாடிகளும்தான் தெரியும். முருகன் ஒருவன்தான், அவனைக் கொண்டுபோய் வைத்தவர்களை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம்.

1936இல் கொடைக்கானல் கோயிலைக் கட்டிய லீலாவதி இராமநாதன் ஐரோப்பிய வம்சத்தவர். இலங்கைக்கு வந்து, சைவம் தழுவி, அங்கிருந்த தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். 1891இல் பத்துமலையில் வேல் நட்ட தம்புசாமிப் பிள்ளையோ 1850இல் சிங்கப்பூரில் பிறந்தவர், குடியேறிய தமிழரின் பிள்ளை. அந்த அம்மையார் வெளியிலிருந்து தமிழுக்குள் வந்தவர். பிள்ளை, தமிழ் மண்ணைவிட்டு வெளியேறிய குடும்பத்தின் இரண்டாம் தலைமுறை. வழிகள் எதிரெதிர்த் திசை. ஆனால் 'நானும் இவ்விடத்தவர்தான்' என்று சொல்ல இருவருமே முருகனுக்கு ஒரு குன்றைத் தேடினார்கள்.

கொடைக்கானல் கோயில் சிறியது, அடக்கமானது. இன்று பழனி தேவஸ்தானத்தின் உபகோயில். தாய்வீடு அதைச் சேர்த்துக்கொண்டது. பத்துமலைக்கு அந்த வாய்ப்பில்லை. அதனால் 272 படிகள், 2006இல் 42.7 மீட்டர் உயரச் சிலை என்று அது வளர்ந்துகொண்டே போனது. மூலத்தைக் கண்ணால் காண முடியாதவர்களே பெரிதாகச் செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

காவடியிலும் இதே வித்தியாசம். பழனிக்கு நடந்து போகும் காவடி, தோளில் அமரும் மரத்தண்டும் வளைவும் மயிற்பீலியும்தான். கொங்கு நாட்டார் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடித் தீர்த்தத்தையும் அதில் சுமந்து வருவார்கள். பத்துமலையின் அலகுக் காவடி இடுப்பிலும் தோளிலும் பட்டையிட்டுப் பூட்டிய உலோகச் சட்டம், ஆளைவிட உயரம், உடலில் கோத்த கொக்கிகள். தோட்டத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள் வடிவமைத்துப் பற்றவைத்து எடுக்கும் கலைப்பொருள் அது. நகல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. முதல் காவடி சுமந்தவனாகச் சொல்லப்படும் இடும்பனே இரண்டு மலைகளைப் பெயர்த்து வந்தவன்தானே!

ஒரு தற்செயல்: சிலை திறந்த 2006இல்தான் கொடைக்கானல் சரிவுகளில் குறிஞ்சி பூத்தது. அடுத்து அது பூத்த 2018இல் பத்துமலைப் படிகளுக்குப் பல வண்ணம் பூசினார்கள். அனுமதி வாங்கினீர்களா என்று மலேசியாவின் பாரம்பரியத் துறை கேட்டது. குறிஞ்சியை யாரும் கேட்கவில்லை.