ஊவாப் பெருந்தோட்டங்களில் மருத்துவிச்சி: இடர்மிகு பேறுகள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை ஆராய்ந்தோர் குடிப்பெயர்வு, கங்காணி முறை, தொழிற்சங்க எழுச்சி, குடியுரிமைப் பறிப்பு ஆகியவற்றுக்கு முதன்மையிடம் அளித்துள்ளனர். அது பொருத்தமானதே. எனினும், அம்மக்கட் கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தன்னைப் புதுப்பித்துக் கொண்ட இடம் பிரட்டுக்களமன்று, லயத்துக் காம்பராவே. அங்கு பிள்ளை பெற்ற பெண்ணும் அவளருகே அமர்ந்திருந்த மருத்துவிச்சியும் ஆய்வேடுகளில் அடிக்குறிப்பளவிலேயே இடம் பெறுகின்றனர். பதுளையை மையமாகக் கொண்ட ஊவாத் தோட்டங்களில் இடர்மிகு பேறுகளின்போது மருத்துவிச்சி வகித்த பங்கையும், அப்பங்கினைப் பெருந்தோட்ட அமைப்பு எவ்வாறு வரையறுத்தது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயல்பான பேறு பெரும்பாலும் துணையொன்றையே வேண்டி நிற்பது. பேறு சிக்கலாகும்போதுதான் ஒரு சமூகம் பெண்ணுயிருக்கு அளிக்கும் மதிப்பு வெளிப்படுகின்றது. அவ்வேளையில் மருத்துவிச்சி ஆற்றக்கூடிய தலையாய பணி, தன் கைக்கு அடங்காததைக் காலத்தில் இனங்கண்டு, அதற்கு ஆற்றலுடையோரிடம் பெண்ணை அனுப்பி வைப்பதாகும். இதற்கு இரண்டு தேவை: ஒன்று அறிவு, மற்றையது அனுப்பும் அதிகாரம். ஊவாத் தோட்டங்களுக்கு முன்னையது மெதுவாக வந்தது. பின்னையது அதனினும் மெதுவாக வந்தது.

லயங்களிற் பேறு பெருகியமைக்கும் ஒரு பொருளாதாரக் காரணமுண்டு. கோப்பிப் பயிர்ச்செய்கைக்குப் பருவகால உழைப்பே பெரிதும் தேவைப்பட்டது. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து வந்தோருட் பெரும்பாலானோர் வந்து மீளும் ஆண்களாயிருந்தனர். 1869 ஆம் ஆண்டு ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே கோப்பியிலை நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளிற் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகளைக் கோரியது; அக்கைகளுட் பெரும்பாலானவை பெண்களின் கைகள். இவ்வாறு குடும்பம் குடும்பமாக நிலைகொண்டபோது, கருவுற்ற பெண் கொழுந்துக் கூடையுடன் மலையேறுவதும் லயத்தின் ஓரறையிற் பிள்ளை பெறுவதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின.

அப்பேறுகளுக்குக் கைகொடுத்தவர் யாவர்? தமிழகக் கிராமங்களில் நாவிதர் குலப் பெண்கள் பேறு பார்த்தமையும், அக்குலத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயர் வழங்கியமையும் அறியப்பட்டவை. தோட்டத்திற் குலவழித் தொழிற்பிரிவுகள் முழுமையாகப் பெயர்ந்து வரவில்லை. பேறு பார்க்கும் வேலை அனுபவம் மிக்க மூதாட்டியரின் பொறுப்பாயிற்று. இம்மருத்துவிச்சியைப் பழிப்பதோ போற்றிப் பாடுவதோ ஆய்வாளனுக்குத் தகாது. வயிற்றைத் தடவிப் பிள்ளையின் கிடையை அறியவும், வலியின் போக்கைக் கணிக்கவும், அஞ்சிய பெண்ணுக்கு அவள் மொழியிலேயே ஆறுதல் கூறவும் அவளால் முடிந்தது. ஆனால் குறுக்காகக் கிடந்த பிள்ளையும், வெளிப்படாது தங்கிய நச்சுக்கொடியும், சூல்வலிப்பும், நில்லாத குருதிப்பெருக்கும் அவளது கைத்திறனுக்கு அப்பாற்பட்டவை. கைகளைத் தூய்மைப்படுத்தும் முறையை அறியாதவிடத்து அவளது உதவியே பேற்றுக்காய்ச்சலுக்கு வழிகோலவும் கூடும். அவ்வறியாமை அவளுக்கு மட்டும் உரியதன்று. வியன்னா நகரில் செம்மல்வைசு என்னும் மருத்துவர் 1847 இல், கைகழுவாது பேறு பார்த்த மருத்துவர்களாலேயே அக்காய்ச்சல் பரவியது என்று காட்டியபோது, ஐரோப்பிய மருத்துவ உலகே அவரை ஏற்க மறுத்தது.

நவீன பேற்று மருத்துவம் தமிழுக்கு அந்நியமாயிருக்கவில்லை என்பதும் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணத்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பேற்று மருத்துவ நூலொன்றை 1857 இல் தமிழில் வெளியிட்டார். கொழும்பில் 1879 இல் டி சொய்சா பேற்று மனை திறக்கப்பட்டது. மருத்துவமாதர் பயிற்சிக்கு அது நிலைக்களனாயிற்று. இங்கிலாந்தில் 1902 ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமாதரைப் பதிவுக்கு உட்படுத்தியது. அதன்கீழ் எழுந்த விதிகள், சிக்கல் தோன்றியவுடன் மருத்துவரை அழைப்பதை அவர்களது கடமையாக்கின. இலங்கையில் 1927 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரின் பதிவுக்கு வழிசெய்தது. ஆக, அறிவு இருந்தது, தமிழிலும் இருந்தது. அது மலையேறி லயத்தை அடைவதற்கு எது தடையாயிற்று என்பதே வினா.

விடை தோட்டச் சுகாதாரத்தின் சட்ட அமைப்பிற் கிடைக்கின்றது. 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொடக்கம், தோட்டத் தொழிலாளரின் நலம் நாட்டின் பொதுச் சுகாதாரத்தினின்று பிரிக்கப்பட்டுத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக வைக்கப்பட்டது. 1912 ஆம் ஆண்டின் நோய்கள் (தொழிலாளர்) கட்டளைச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிக்குமாறு துரைமாரைப் பணித்தது. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் காசுக் கொடுப்பனவைப் பெண்ணின் உரிமையாக்கியது. இது முன்னேற்றமே, ஐயமில்லை. ஆயினும் அச்சட்டம் தோட்டங்களுக்கு ஒரு விலக்களித்தது. பேற்று விடுதி, மருத்துவமாதின் சேவை முதலிய 'மாற்று நன்மை'களை வழங்கும் தோட்டம் காசுக் கொடுப்பனவைக் குறைத்துக் கொள்ளலாம். பின்னாளில் வழங்கிய விகிதத்தின்படி ஏழில் நான்கு பங்கைக் கொடுத்தாற் போதுமானதாயிருந்தது.

இவ்வேற்பாட்டின் உட்பொருளை நோக்குதல் வேண்டும். எஞ்சிய மூன்று பங்கு, மருத்துவமாதின் சேவைக்காகப் பெண் செலுத்திய விலையெனலாம். அவள் தன் பேற்றுக்காலக் கொடுப்பனவின் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்தே அச்சேவையைப் பெற்றாள். ஆயினும் மருத்துவமாது அப்பெண்ணுக்குக் கடமைப்பட்டவளாக அமையவில்லை. தோட்டத்தின் சம்பளப் பட்டியலில் இடம்பெற்ற சிற்றூழியராகவே அமைந்தாள். அவளுக்கு மேல் மருந்துச்சாலைக்குப் பொறுப்பான டிஸ்பென்சர். அவருக்கு மேல் துரை. இடர்ப் பேறு ஒன்றை மருத்துவமாது சரியாகவே கணித்தாலும், பெண்ணை மலையினின்று இறக்குவதற்கான லொறி துரையின் ஆணைக்குக் காத்திருந்தது. அறிந்தவளிடம் அதிகாரமில்லை, அதிகாரமுடையவரிடம் அவ்வறிவில்லை. இதனைத் தனிமனிதரின் இரக்கமின்மையாகக் கொள்வது பிழை. இரக்கமுள்ள துரைமாரும் இருந்திருப்பர். ஆனால் ஓருயிர் மற்றொருவரின் இரக்கத்தில் தங்கியிருக்கும்படி அமைந்த முறைமையே இங்கு விமரிசனத்துக்குரியது.

காலத்தின் அருமையை எண்ணுமிடத்து இதன் கொடுமை தெளிவாகும். மருத்துவ ஆய்வாளர் கூறும் பொதுக் கணிப்பின்படி, தடைப்பட்ட பேறு ஒரு பெண்ணைக் கொல்வதற்கு ஏறத்தாழ மூன்று நாட்களாகும். சூல்வலிப்புக்கு இரண்டு நாட்கள். பேற்றின் பின்னான குருதிப்பெருக்குக்கோ ஏறத்தாழ இரண்டே மணித்தியாலங்கள். 1930களின் நடுப்பகுதியில் எர்கோமெற்றின் என்னும் மருந்து கண்டறியப்பட்டமையால், கருப்பையைச் சுருங்கச் செய்து குருதியை அடக்கும் வழி மருத்துவமாதின் கைக்கு எட்டக்கூடியதாயிற்று. அதே காலத்திற் சல்பா மருந்துகள் பேற்றுக்காய்ச்சலின் கொடுமையைத் தணித்தன. எனினும் குருதியேற்றலுக்கும் வயிற்றறுவைப் பேற்றுக்கும் பெரிய வைத்தியசாலையே கதி. 1924 இல் புகையிரதம் பதுளையை அடைந்திருந்தது. ஆனால் அது தேயிலையின் தேவைக்காக அமைந்த பாதை. லுணுகலை, மடுல்சீமை, கொஸ்லந்தை போன்ற பகுதிகளின் மேற்பிரிவு லயங்களிலிருந்து தார்ப்பாதைக்கு வருவதற்கே கம்பளியிலோ நாற்காலியிலோ பெண்ணைச் சுமந்து மலையிறங்க வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு வழியை மறிப்பதும் உண்டு. இரண்டு மணித்தியாலம் என்ற எல்லை, பல சந்தர்ப்பங்களில், லொறியை அடையுமுன்னரே கடந்துவிடும்.

இடர் பேற்றறையில் மட்டும் தோன்றுவதன்று. குருதிச்சோகையுள்ள பெண்ணுக்குச் சிறிய குருதியிழப்பும் உயிரிழப்பாகலாம். தோட்டங்களிற் சோகைக்குக் கொளுக்கிப்புழுவும் குறையுணவும் முதற் காரணங்களாயிருந்தன. இலங்கையில் ரொக்பெல்லர் நிதியத்தின் கொளுக்கிப்புழு ஒழிப்பியக்கம் 1916 இல் மாத்தளைத் தோட்டங்களிற் தொடங்கியமை தற்செயலன்று. இன்னொரு தொடர்பும் உண்டு. சிறுமியாயிருக்கையிற் போதிய உணவின்றி வளர்ச்சி குன்றியவள் தாயாகும்போது இடுப்பெலும்புக் குறுக்கத்தாற் பேறு தடைப்படும் வாய்ப்பு மிகுதி. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீடு நாடளாவிய ரீதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 17 வீதத்தினர் உயரங் குன்றியோர் எனக் காட்டியது. தோட்டத்துறையில் அது ஏறத்தாழ 32 வீதம். ஒரு தலைமுறையின் பசி அடுத்த தலைமுறையின் பேற்று இடராக மாறுகின்றது. இதனை எந்த மருத்துவமாதும் தன் கையால் மட்டும் தீர்த்துவிட முடியாது; ஆனால் கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே கண்ணிமை வெளிறலையும் கால் வீக்கத்தையும் உயரத்தையும் நோக்கி, இப்பேறு மலையில் நிகழத்தக்கதன்று என முன்கூட்டிக் கூறவல்லவள் அவளே.

1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொகை நூறுக்குக் கீழ் இறங்கிவிட்டது. 1926 இற் களுத்துறையிற் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், வீடுதேடிச் சென்ற அரச மருத்துவமாதரும், கிராமங்கள்தோறும் எழுந்த இலவச வைத்தியசாலைகளும் இவ்வருஞ்சாதனையின் தூண்கள். கிராம மருத்துவமாது அரச ஊழியராக இருந்தாள்; அவளுக்குப் பின்னால் ஒரு வைத்தியசாலைத் தொடரும், அதற்குப் பின்னால் வாக்காளருக்குப் பதில் கூறவேண்டிய பாராளுமன்ற உறுப்பினரும் இருந்தனர். தோட்டப் பெண்ணுக்கு இத்தொடர் அறுந்திருந்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. 1948, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அம்மக்களிற் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. வாக்கற்றவரின் மலைக்கு வைத்தியசாலை கோருவார் யார்? நாடற்றவராக்கப்பட்டமைக்கும் பேற்றறை மரணத்துக்கும் இடையிலான தொடர்பு இவ்வாறு நுண்ணியதாயினும் உறுதியானது.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிருவாகம் கம்பனிகளிடம் மீண்டது. 1990களின் நடுப்பகுதி முதல் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. லயத்துப் பேறு படிப்படியாக வைத்தியசாலைப் பேறாயிற்று. இம்மாற்றத்தின் நன்மை பெரிது. ஆனால் அரச மருத்துவமாதருட் பெரும்பாலானோர் சிங்களம் பேசுவோராயிருந்தமையாற் புதியதோர் இடைவெளி தோன்றியது. தலைவலியும் பார்வை மங்கலும் சூல்வலிப்பின் முன்னறிகுறிகள்; இவற்றைக் கருவிகள் காட்டுமுன் பெண்ணின் வாய்ச்சொல்லே காட்டும். அச்சொல் விளங்காவிடின் அறிகுறியும் விளங்காது. 1857 இல் மானிப்பாயிற் தமிழிற் பேசிய பேற்று மருத்துவம், ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் பதுளைத் தாயுடன் தமிழிற் பேசத் தடுமாறியது ஒரு வரலாற்று முரண். மலையகத் தமிழ்ப் பெண்கள் மருத்துவமாதர் பயிற்சிக்குத் தேவையான கல்வித் தகைமையைப் பெற நெடுங்காலம் வாய்ப்பற்றிருந்தமை இதற்கொரு காரணம். ஆகவே தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான வகுப்பும் பேற்றறையின் ஒரு பகுதியே.

2016 இல் இந்திய உதவியுடன் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த '1990' நோயாளர் காவுவண்டிச் சேவை நமது வினாவுக்குப் புதிய பொருளைத் தருகின்றது. ஒரு தொலைபேசி அழைப்பினாற் பெண்ணோ அவள் கணவனோ, துரையின் ஆணையை எதிர்பாராது, வண்டியை வரவழைக்கலாம். நூறாண்டுக்கு மேலாக மருத்துவிச்சிக்கு மறுக்கப்பட்டிருந்த அனுப்பும் அதிகாரம் கொள்கையளவிற் பெண்ணின் கைக்கே வந்துள்ளது. ஆனால் வண்டி நிற்பது தார்ப்பாதையில். பெண் கிடப்பது மேல்மலை லயத்தில். இடைப்பட்ட படிக்கட்டுகளையும் மண்பாதையையும் செப்பனிடுதல், தமிழறிந்த மருத்துவமாதரை அமர்த்துதல், சிறுமியரின் உணவை உறுதிசெய்தல் ஆகியன கருணைச் செயல்களல்ல. நீண்டகாலமாகச் செலுத்தப்படாதிருக்கும் கடன்கள். மகப்பேற்றுக் கொடுப்பனவின் ஏழில் மூன்று பங்கை இழந்து அச்சேவைக்கு விலை கொடுத்த பெண்களின் பேத்தியர் இன்றும் அம்மலைகளிற் கொழுந்து பறிக்கின்றனர். அவர்களுக்கு அது வந்து சேர்வதே இவ்வரலாறு எதிர்நோக்கும் முடிவாகும்.