சித்தூர் நாகையா: நாடக மேடையும் இருமொழித் திரையும்

வி. நாகையா (1904-1973) பிறந்த ஊர் கிருஷ்ணை ஆற்றின் கழிமுகத்தையடுத்த ரேபள்ளி. எனினும் அவர் பெயரின் முன் நிலைத்தது சித்தூரே. 1911 வரை அவ்வூர் வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர். பின்னர், திருப்பதியும் திருத்தணியும் அடங்கிய சித்தூர் மாவட்டத்தின் தலைநகர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கிய அச்சூழலை நீக்கி அவருடைய கலைப்பணியை மதிப்பிடுதல் பொருந்தாது.

சித்தூர் இராமவிலாச சபையின் 'சாரங்கதரா' நாடகத்தில் அவர் சித்ராங்கியாகப் பெண் வேடம் புனைந்தார். இந்நாடகக் கதையே இருமொழிக்கும் பொதுவானது. பல்லாரி தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு அதனைத் தெலுங்கு மேடைக்கு ஆக்கினார். அவருடைய குழு 1891-இல் சென்னையில் நடத்திய நாடகங்களைக் கண்டு ஊக்கம் பெற்ற பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். பின்னர்ச் சாரங்கதரனைத் தமிழிலும் எழுதினார்.

1938-இல் 'கிருஹலட்சுமி' வாயிலாகத் திரைக்கு வந்த நாகையா, தமிழில் 'அசோக்குமார்' (1941), 'மீரா' (1945) ஆகியவற்றில் நடித்தார். அடுத்து அவரே இயக்கி, இசையமைத்து, நடித்த 'தியாகய்யா' 1946-இல் வெளிவந்தது. காவிரிக்கரைத் திருவையாற்றில் வாழ்ந்து தெலுங்கில் பாடியவரின் வரலாறு அது. அண்ணாமலை நகரில் 1941-இல் கூடிய மாநாடும், 1943-இல் நிறுவப்பெற்ற தமிழ் இசைச் சங்கமும், தமிழ் மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கோரிய காலம். அக்கோரிக்கை நியாயமானதே. ஆயினும் தியாகராசரின் கீர்த்தனைகள் மொழிபெயர்ப்பின்றியே தமிழ்ச் செவிக்குப் பழகியிருந்தன என்பதும் மறுக்கவியலாதது. சொல் விளங்காத இடத்தும் இராகம் பொருளை உணர்த்தும். உரையாடலுக்கோ அவ்வசதி இல்லை.

அவ்வேறுபாடு 1953-இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு அவர் ஒரே கதையைத் தெலுங்கில் 'நா இல்லு' எனவும் தமிழில் 'என் வீடு' எனவும் தனித்தனியே இயக்கினார். தலைப்பே மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது. 'இல்லு' என்பதற்கு இனமான 'இல்' தமிழிலும் உண்டு. ஆனால் அஃது இல்லறம், இல்லாள் போன்ற சொற்களிற் பொதிந்து, அன்றாட வழக்கை வீட்டிற்கு விட்டுக்கொடுத்தது. தெலுங்கில் 'வீடு' என்றாலோ பேச்சில் 'இவன்' என்று பொருள்! இனச்சொல்லை நாடாது வழக்குச்சொல்லைக் கொண்டதே சரியான தெரிவு எனலாம்.

அவர் பின்னர் இயக்கிய 'பக்த ராமதாசு' 1964-இல் வந்தது. அதில் கபீருக்காக முகம்மது ரபி பாடினார். அதற்குள் எல்லை மாறியிருந்தது. 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே இருந்து, 2022-இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. நாகையாவின் சிலை சென்னை தியாகராய நகர்ப் பனகல் பூங்காவில் நிற்கின்றது.