இணையத்து உயிலும் 1870-ம் வருடச் சட்டமும்



"இணையத்திலேயே உயில் எழுதிக்கொள்ளலாமாமே, செய்யலாமா சார்?" என்று இந்த மாதம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் என்னைப் போலவே ஊரை விட்டு வந்து நாக்பூரில் தங்கிவிட்டவர்கள். ஃப்ளாட் இங்கே, மனை திருச்சியில், பிள்ளை பெங்களூரில், டெபாசிட் நாலு பேங்கில். நான் வக்கீல் இல்லை. பி.காம். படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவன். ஆனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

'உயில்' என்ற சொல்லே ஆங்கில 'வில்'லிலிருந்து வந்தது. நம் பழைய தர்மசாஸ்திரங்களில் தத்து உண்டு, தானம் உண்டு, பாகப்பிரிவினை உண்டு, உயில் கிடையாது. கம்பெனிக்காரன் கோர்ட்டு வந்த பிறகு சென்னை, கல்கத்தா, பம்பாய் பணக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது கையெழுத்து, சாட்சி எதுவும் கட்டாயமில்லை. வாயால் சொன்னாலே போதும். படுக்கையில் கிடந்தவர் கடைசியாக என்ன சொன்னார் என்று பங்காளிகள் ஆளுக்கொன்று சொன்னால் நீதிபதி யாரை நம்புவார்?

இதற்குத்தான் 1870-ல் இந்து உயில் சட்டம் வந்தது. எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். வேடிக்கை என்னவென்றால் அது வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும்தான். மயிலாப்பூரில் இருந்தவருக்குப் பேப்பர் வேண்டும். கும்பகோணத்தில் இருந்தவருக்கு வாய் போதும்! 1927 ஜனவரி 1-லிருந்துதான் நாடு முழுக்க எல்லா இந்துக்களுக்கும் ஒரே விதி. (இஸ்லாமியர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் வழி தனி.) 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ம் பிரிவாக அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் முறைப்படி எழுதினாலே போதுமா? இங்கேதான் கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர் வருகிறார். சாதாரண ஆளில்லை, சர்க்கார் வக்கீலாக இருந்து பெரும் சொத்து சேர்த்தவர். இன்றும் பேசப்படும் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கியவை. மகன் ஞானேந்திர மோகன் 1851-ல் கிறிஸ்தவராகிவிட்டார். அப்பா 1862-ல் உயில் எழுதினார்: மகனுக்கு ஒன்றுமில்லை, சொத்தின் பலன் அண்ணன் தம்பி வழியில் ஜதீந்திர மோகனுக்கு, அவருக்குப் பின் ஆண் வாரிசுகளுக்கு வரிசையாக, தலைமுறை தலைமுறையாக.

1868-ல் அவர் காலமானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1872-ல் தீர்ப்பு. ஜதீந்திர மோகன் ஆயுள் வரை அனுபவிக்கலாம். ஆனால் பிறக்காதவர்களுக்கு எழுதியது செல்லாது, ஆண் வாரிசு வரிசை என்பது இந்துச் சட்டத்திலேயே இல்லாத உரிமை, அதுவும் செல்லாது. அப்படியானால் ஜதீந்திர மோகனுக்குப் பின் சொத்து? சட்டப்படி வாரிசுக்கு. அதாவது அப்பா வேண்டாம் என்று ஒதுக்கிய அதே ஞானேந்திர மோகனுக்கு!

இத்தனை பெரிய வக்கீலின் உயிலே பாதியில் உடைந்தது. பிற்பாடு, பிறக்காத பேரப்பிள்ளைக்கும் சில வரம்புகளுக்குள் எழுத 1914-ல் சென்னை மாகாணத்திலும் 1916-ல் மற்ற இடங்களிலும் வழி செய்தார்கள். ஆனாலும் வீட்டை மகனுக்கு முழு உரிமையாகக் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் 'விற்கக் கூடாது' என்று தட்டினால் அந்த வரி நிற்காது. கம்ப்யூட்டர் படிவம் அதைச் சொல்லுமா என்பது சந்தேகம்தான். ஊரில் இருக்கும் பூர்வீக வீட்டைப் 'என் சொத்து' கட்டத்தில் முழுசாகப் போடுகிறவர்களும் உண்டு. அதில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுத முடியும் (அந்த உரிமையே 1956-ல்தான் வந்தது). தங்கைகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே சொல்லிவிட்டது.

சரி, இணையத்தால் லாபமே இல்லையா? உண்டு. எங்கெங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை உட்கார்ந்து பட்டியல் போட வைக்கிறது. மனைவிக்கே தெரியாத டெபாசிட்கள் எத்தனை என்பது எங்களைப் போன்ற பேங்க்காரர்களுக்குத் தெரியும். நாமினி போட்டாயிற்றே என்பார்கள். நாமினி பணத்தை வாங்கித் தருகிறவர்தான், சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்திலும் அப்படியே என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் கடைசிப் பொத்தானை அழுத்தியதும் உயில் ஆகிவிடாது. அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 2001-லேயே மின்னணு உயிலை ஏற்றுக்கொண்டது. நம் 2000-ம் வருடத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை வெளியே நிறுத்தியது. 2022-ல் அந்த விலக்குப் பட்டியலைக் கொஞ்சம் குறைத்தார்கள், உயில் அசையவில்லை. ஆகவே ஆதார் ஓ.டி.பி. கையெழுத்து செல்லாது. பிரிண்ட் எடுத்து, பேனாவால் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் உங்கள் எதிரில் கையெழுத்திட வேண்டும். வீடியோ காலில் அல்ல. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை.

நாளைக்கு வழக்கு என்று வந்தால் அந்தச் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த வருடம் குவாஹாட்டிக்கு மாற்றலாகிப் போகிற பக்கத்து சீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்காதீர்கள். உங்களை விட வயதில் சிறியவராக, இந்த ஊரிலேயே வேரூன்றியவராகப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே அவருடைய நிரந்தர முகவரியையும் எழுதி வாங்கிவிடுங்கள்.