ஹவுஸ் ஹேக்கிங்

அமெரிக்காவில், வாங்கிய வீட்டின் ஒரு பகுதியில் தானே குடியிருந்து, மீதியை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தைக் கொண்டு வீட்டுக் கடன் தவணையைக் கட்டும் முறை. கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் பலருக்கு இதுவே முதல் சொத்து முதலீடு. நடைமுறை பழையது: சிகாகோவின் இரண்டடுக்கு வீடுகளிலும் பாஸ்டனின் மூன்றடுக்கு மரவீடுகளிலும் உரிமையாளர் ஒரு தளத்தில் இருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விட்டனர்.

கடன்: 1934-இல் அமைந்த கூட்டரசு வீட்டு வசதி நிர்வாகம் (எஃப்.எச்.ஏ.) கடனுக்குக் காப்பீடு அளிக்கிறது. நான்கு குடியிருப்புகள் வரை உள்ள கட்டடம் தகுதி பெறும். கிரெடிட் ஸ்கோர் 580-க்குக் குறையாதவருக்குக் குறைந்தபட்ச முன்பணம் 3.5 விழுக்காடு, 4,00,000 டாலர் வீட்டுக்கு 14,000 டாலர். காப்பீட்டுக் கட்டணமும் பதிவுச் செலவுகளும் தனி. 60 நாளுக்குள் குடிபுகுந்து, குறைந்தது ஓராண்டு வசிக்க வேண்டும். பிறகு வேறிடம் மாறி, முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். ஈராண்டு வேலை வரலாற்றைக் கணக்கிடும்போது கல்லூரிப் படிப்புக் காலமும் ஏற்கப்படுவது புதுப் பட்டதாரிகளுக்குப் பெரிய உதவி.

இடர்கள்: வீடு காலியாகக் கிடந்தாலும் தவணை நிற்காது. சொத்து வரி, காப்பீடு, கூரை, ஹீட்டர் பழுது ஆகியவற்றுக்குச் சேமிப்பு அவசியம். வாடகைச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாசசூசெட்ஸில் அட்வான்ஸ் தொகையைத் தனியான, வட்டி தரும் வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும்.