காலந்தவறிய விடை



பந்தல்குடியைச் சூழ்ந்த கரிசற்காடு வானம் பார்த்த பூமி. பருத்திக்கும் மல்லிக்கும் ஐப்பசியில் பெய்யவேண்டிய மழை தையில் பெய்தால், அளவு குறையாவிடினும் பயன் இல்லை. உழவர் நன்கறிந்த இவ்வுண்மையைக் கணிப்பொறி அறிஞர்கள் தம் துறையில் உணர்ந்த வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

எங்கள் ஊர் வழியே மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் காரை எண்ணிப் பாருங்கள். அது ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. மோதல் நேர்ந்தால், காற்றுப்பையை விரிப்பதா வேண்டாவா என்பதை அதன் கணிப்பொறி ஒரு நொடியின் நூற்றில் சில பங்குகளுக்குள் முடிவு செய்தாக வேண்டும். கண்ணிமைக்கும் நேரமே மாத்திரை என்று இலக்கணத்தில் படித்தீர்கள் அல்லவா? இங்கே அதுவும் நெடுங்காலமே. சரியான விடையாயினும் பிந்தி வந்தால், ஓட்டுநரின் உயிரைக் காக்கும் விடை அன்று.

ஒரே கணிப்பொறி பல வேலைகளைச் செய்கையில், ஒவ்வொன்றும் உரிய காலத்தில் முடியும் என்று முன்கூட்டியே மெய்ப்பிக்க இயலுமா? 1973-இல் லியூ, லேலண்ட் என்னும் இருவர் வழி வகுத்தனர். அடிக்கடி செய்யவேண்டிய வேலைக்கு முதலுரிமை அளிக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் சராசரி நேரத்தை அன்றி, மிக நீண்ட நேரத்தையே கணக்கிட வேண்டும். அவ்வாறு கணக்கிட்ட மொத்தச் சுமை கணிப்பொறியின் ஆற்றலில் ஏறத்தாழ 69 விழுக்காட்டைத் தாண்டாவிடில் எவ்வேலையும் பிந்தாது என்று நிறுவினர்.

ஆயினும், வேலைகள் ஒன்றையொன்று சாராதவை என்றே அவர்கள் கொண்டனர். நடைமுறையிலோ அவை பொதுப்பொருளைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊர்க்கிணற்றில் இருப்பது ஒரே கயிறு என்று வைத்துக்கொள்வோம். சிறுவன் ஒருவன் நீர் இறைக்கிறான். வீடு தீப்பற்றிய ஒருவர் கயிற்றுக்காக ஓடிவந்து நிற்கிறார். தீயைப்பற்றி அறியாத மூன்றாமவர், தாம் மூத்தவர் என்னும் உரிமையால், சிறுவனை நிறுத்தி வேறு ஏவல் இடுகிறார். கயிறோ சிறுவன் கையில்! சில்லறை ஏவலுக்காகத் தீ காத்திருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984-இல் பொறியியற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ரகுநாதன் ராஜ்குமார், லூய் ஷா, ஜான் லெஹோட்ஸ்கி ஆகியோருடன் 1990-இல் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலுக்குத் தீர்வு கூறிற்று. தீப்பட்டவர் காத்திருக்கும் வரையில் அவருடைய உரிமை சிறுவனைச் சேரும். எவரும் அவனை ஏவ முடியாது. அவன் விரைந்து இறைத்துக் கயிற்றைத் தந்துவிடுவான்.

1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணிப்பொறி அடிக்கடி நின்று, மீண்டும் தொடங்கியது. வானிலை அளக்கும் சிறு வேலை பொதுப்பொருளைப் பற்றியிருக்க, செய்தித் தொடர்பு வேலை குறுக்கிட, முதன்மை வேலை பிந்தியதே காரணம். பூமியிலிருந்தே பொறியாளர் இவ்வுரிமை மாற்று முறையை இயங்கச் செய்தனர், கோளாறு தீர்ந்தது.

கார்களுக்கும் இவ்வறிவு வந்தது. 1993-இல் ஜெர்மானியக் கார் நிறுவனங்கள் தொடங்கிய ஓசெக் விதிமுறை, அக்கட்டுரை கூறிய வழியின் ஒரு வடிவத்தை ஏற்றது. 2003-இல் தோன்றிய ஆட்டோசார் அதனைத் தொடர்ந்தது. நம் நாட்டிலும் 2019 ஏப்ரல் 1 முதல், 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதுவும் நொடியின் சிறு பங்குகளை எண்ணி உழைப்பதே.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை சென்னையிலோ கோவையிலோ ஓசூரிலோ இத்தகைய நிரல்களை எழுதக்கூடும். விடை சரியா என்று கேட்டபின், எப்பொழுது வரும் என்றும் கேளுங்கள். ஆயிரம் முறை காலத்தில் வந்தது என்பது மெய்ப்பு ஆகாது. ஆயிரத்தோராம் முறை, சாலையின் குறுக்கே ஒரு குழந்தை நிற்கலாம்.