ஹாக்கி மட்டையும் அரிசிக் கள்ளும்

1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் ஹாக்கி என்றால் தயான் சந்த்தான் வருவார். ஐந்து ஆட்டம், 29 கோல், வாங்கியது ஒன்றுமில்லை. அணித்தலைவராகப் போன ஜெய்பால் சிங் முண்டா இந்தக் கதையாடலில் ஓர் அடிக்குறிப்பு. இறுதி ஆட்டத்தில் அவர் ஆடவுமில்லை.

ராஞ்சிப் பக்கத்து முண்டா கிராமத்தில் 1903இல் பிறந்தவர். மிஷன் பள்ளி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு. ஐ.சி.எஸ். பயிற்சியின்போது ஒலிம்பிக்குக்கு விடுப்புக் கேட்டார், கொடுக்கவில்லை, போய்விட்டார். பின்னர் அந்த வேலையையும் விட்டார். வீரனின் துணிச்சல் என்று இதை எழுதி முடித்துவிடலாம், சுலபம். எனக்கு அக்கறை அதற்குப் பிந்தியதில். 1939இல் ஆதிவாசி மகாசபைத் தலைவர். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து தன்னை 'ஜங்லி' என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலத்தில்!

1948 நவம்பரில் மதுவிலக்கு விவாதம். ஒழுக்கம் பற்றிய காந்தியச் சொல்லாடலுக்கு எதிரே நின்று, இது ஆதிவாசிகளின் சமய உரிமையில் கைவைப்பது என்றார் ஜெய்பால் சிங். அத்தோடு விடவில்லை. அரிசிக் கள் இல்லையென்றால் வங்காளத்தில் சந்தால்கள் நாற்று நடமுடியாது. கொட்டும் மழையில் முழங்கால் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவனை உயிரோடு வைத்திருப்பது எது என்று கேட்டார். மதுவைப் பற்றிய பேச்சை உழைக்கும் உடம்பைப் பற்றிய பேச்சாகத் திருப்பிப்போட்ட இடம் இது.

பாபநாசத்திலிருந்து இதை வாசிக்கிறவனுக்குக் காவிரிச் சேற்றில் நின்ற பள்ளர், பறையர் உடம்புகள் நினைவுக்கு வராமல் எப்படி? அதே 1948இல்தான் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. இங்கே திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது, 3000 கலம் கொள்ளும். வருகிறவர்கள் கட்டடத்தை வியக்கிறார்கள். நட்டவன் என்ன குடித்தான், என்ன சாப்பிட்டான் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவில் மருந்துக்கு விலக்கு உண்டு. சடங்குக்கு இல்லை, நடவுக்கும் இல்லை.

1963இல் தன் ஜார்க்கண்ட் கட்சியைக் காங்கிரசோடு இணைத்தார். சரணாகதி என்றே சொல்வேன். 1970இல் இறந்தார், மாநிலம் வந்தது 2000 நவம்பரில். 'ஆதிவாசி' என்ற சொல்லைச் சட்டத்தில் கேட்டார். ஆங்கில மூலத்தில் வந்தது வெறும் அட்டவணை. தமிழில் அதைப் பெயர்த்தவர்கள் 'பழங்குடி' என்று போட்டார்கள். அவர் கேட்ட பொருள் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.