பேய் வீடுன்னு தெரிஞ்சும் ஏன் ஓடல? பதில் சொல்லும் 8 ஹாரர் படங்கள்

தியேட்டரில் பேய்ப்படம் ஓடிக்கிட்டிருக்கு. படத்தில் நள்ளிரவு. மாடியில் ஏதோ சத்தம். ஹீரோயின் கையில் ஒரு டார்ச்சோடு மெதுவாகப் படியேறுகிறார். பின் வரிசையில் இருந்து ஒரு குரல்: "அம்மா தாயே, மேல போகாதம்மா... வெளிய ஓடிடு!" மொத்தத் தியேட்டரும் சிரிக்கும்.

சிரிச்சாலும் கேள்வி நியாயமானதுதான். வீட்டில் பேய் இருக்குன்னு தெரிஞ்சாச்சு. அதுக்கப்புறமும் ஏன் அங்கேயே இருக்காங்க? பெட்டியைக் கட்டிக்கிட்டு கிளம்ப வேண்டியதுதானே?

பல படங்களில் இதற்குப் பதிலே இருக்காது. அவங்க கிளம்பிட்டா இரண்டாம் பாதி கிடையாது, அவ்வளவுதான். சில படங்கள் கொஞ்சம் மெனக்கெடும். 2015-ல் அஜய் ஞானமுத்து இயக்கிய 'டிமான்ட்டி காலனி'யில் நான்கு நண்பர்களும் பேய் பங்களாவில் இருந்து ஓடித்தான் வருவார்கள். ஆனா தங்களோட சொந்த ரூமிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

கடந்த பத்து வருஷத்தில் வந்த நல்ல ஹாரர் படங்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. ஏன் ஓட முடியலைங்கிறதையே கதையாக்கியிருக்காங்க. ஒரு ஹாரர் ரசிகரா எனக்கு ரொம்பப் பிடிச்ச 8 படங்களை அந்த ஒரே கேள்வியோடு பார்க்கலாம். எந்தப் படத்தின் க்ளைமாக்ஸையும் இங்கே சொல்லவில்லை. தைரியமா படிங்க.

1. கெட் அவுட் (2017, ஆங்கிலம்)
ஓடாததற்குக் காரணம்: மரியாதை

கிறிஸ் ஒரு கறுப்பின போட்டோகிராபர். தன் வெள்ளையினக் காதலியின் பெற்றோரைப் பார்க்க முதல் தடவையா அவர்கள் வீட்டுக்குப் போகிறார். எல்லோரும் சிரிச்ச முகமா வரவேற்கிறார்கள். அப்பா, முடிஞ்சிருந்தா ஒபாமாவுக்கு மூன்றாவது தடவையும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறார். ஆனா எங்கேயோ இடிக்குது. வீட்டில் வேலை செய்யும் கறுப்பினத்தவர்கள் பேசும் விதமே சரியில்லை.

கிறிஸ் ஏன் உடனே கிளம்பல? விருந்தாளியா வந்த இடத்தில், 'நீங்க எல்லாம் ஒரு மாதிரி இருக்கீங்க'ன்னு எப்படிச் சொல்ல முடியும்? சின்னச் சின்ன அவமானங்களைச் சிரிச்சுக்கிட்டே விழுங்கிப் பழகியவர் அவர். அந்தப் பழக்கம்தான் அவரைப் பிடிச்சு வைக்குது.

படத்தின் தலைப்பே 'வெளியே போ' என்பதுதான். இயக்குநர் ஜோர்டன் பீலுக்கு இந்தத் தலைப்பைத் தந்தது நகைச்சுவை நடிகர் எட்டி மர்ஃபியின் 1983 மேடை நிகழ்ச்சியான 'டெலிரியஸ்'. பேய் வீட்டை விட்டு வெள்ளைக்காரங்க மட்டும் ஏன் போகவே மாட்டேங்கிறாங்கன்னு அதில் மர்ஃபி கிண்டலடித்திருப்பார். சுமார் 45 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுக்க 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரை வென்ற முதல் கறுப்பினத்தவர் பீல்தான்.

2. ஹெரிடிட்டரி (2018, ஆங்கிலம்)
ஓடாததற்குக் காரணம்: ரத்த உறவு

தலைப்புக்கு 'பரம்பரையா வருவது' என்று அர்த்தம். பாட்டி இறந்துபோகிறார். அவருடைய இறுதிச்சடங்கில் தொடங்குகிறது கதை. மகள் ஆனி, குட்டிக் குட்டி மினியேச்சர் வீடுகள் செய்யும் கலைஞர். படத்தின் முதல் ஷாட்டில் கேமரா ஒரு பொம்மை வீட்டை நோக்கி மெதுவாக நகரும். நெருங்க நெருங்க அந்தப் பொம்மை அறையே நிஜ அறையாகி, உள்ளே மகன் தூங்கிக்கிட்டிருப்பான்.

அந்த ஒரு ஷாட்டிலேயே இயக்குநர் ஆரி ஆஸ்டர் பதிலைச் சொல்லிவிட்டார். பொம்மைகள் வீட்டை விட்டு ஓட முடியுமா? வீட்டைக் காலி பண்ணலாம், குடும்பத்தைக் காலி பண்ண முடியாது. அம்மாவிடம் இருந்து மகளுக்கு, மகளிடம் இருந்து பிள்ளைகளுக்கு என்று இறங்கி வருவது எதுவோ, அதுதான் இந்தப் படத்தின் பேய்.

சாப்பாட்டு மேசையில் அம்மாவும் மகனும் சண்டை போடும் காட்சியில் பேயும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் மூச்சு முட்டும். டோனி கோலெட்டின் இந்த நடிப்புக்கு ஆஸ்கர் பரிந்துரைகூடக் கிடைக்கலைங்கிற கோபம் ஹாரர் ரசிகர்களுக்கு இன்னும் ஆறவில்லை.

3. தும்பாட் (2018, இந்தி)
ஓடாததற்குக் காரணம்: பேராசை

மற்ற படங்களில் பேயிடம் மாட்டிக்கொள்வார்கள். இதில் ஹீரோவே திரும்பத் திரும்பத் தேடிப் போகிறார்.

மகாராஷ்டிராவில் தும்பாட் என்ற கிராமம். 1918-ல் தொடங்கும் கதை நாட்டின் விடுதலை வரை போகிறது. மழை விடவே விடாது. அங்கே ஒரு பழைய மாளிகைக்கு அடியில் ஹஸ்தர் இருக்கிறான். வளத்தைத் தரும் தேவியின் முதல் பிள்ளை. தங்கத்தின் மேலும் தானியத்தின் மேலும் ஆசைப்பட்டு, யாரும் கும்பிடக் கூடாது என்ற சாபத்தோடு மறைந்து கிடப்பவன். அவன் இடுப்புத் துணியில் தங்கக் காசுகள். கோதுமை மாவில் பொம்மை செய்து காட்டினால் பசியில் பாய்ந்து வருவான். அந்த நேரத்தில் காசைப் பறித்துக்கொண்டு கயிற்றில் ஏறித் தப்பிக்கணும்.

விநாயக் ஒவ்வொரு தடவையும் உயிரோடு தப்பிக்கிறார். காசு கரைந்ததும் மறுபடியும் இறங்குகிறார். அப்புறம் தன் மகனுக்கும் அதே வேலையைக் கற்றுத் தருகிறார். பயமுறுத்துவது ஹஸ்தர் அல்ல, இந்த அப்பாதான்.

ராஹி அனில் பர்வே இயக்கி, சோஹம் ஷா நடித்த படம். உண்மையான பருவமழையில் பல வருஷம் எடுத்தார்கள். 2018-ல் பெரிசா ஓடவில்லை. வாய்வழியா பரவி ரசிகர்கள் கூடியதும், 2024 செப்டம்பரில் மறுபடி ரிலீஸ் செய்தார்கள். முதல் தடவையைவிட அதிகமாக வசூலித்தது.

4. கேம் ஓவர் (2019, தமிழ், தெலுங்கு)
ஓடாததற்குக் காரணம்: பழைய காயம்

'மாயா' இயக்கிய அஷ்வின் சரவணனின் படம். ஸ்வப்னா, வீடியோ கேம் வடிவமைப்பாளர். டாப்ஸி நடித்திருக்கிறார். ஒரு புத்தாண்டு இரவில் அவருக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு இருட்டைக் கண்டாலே நடுங்குகிறார். அந்தத் தேதி நெருங்க நெருங்க உடம்பும் மனசும் மறுபடி அதே இரவுக்குப் போகிறது. இது மருத்துவ உலகம் அறிந்த ஒரு நிலை என்பதைப் படத்தில் டாக்டர் விளக்குவார்.

கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும்போது, வெளியே கொலைகாரர்கள். ஓடணும்னா கால் வேணும், கதவைத் திறக்கணும்னா தைரியம் வேணும். அவரிடம் இருப்பது வீடியோ கேமில் வருவது மாதிரி சில 'உயிர்கள்' மட்டும்தான். வினோதினி நடித்த கலாம்மா பாத்திரம் அவர் பக்கத்திலேயே நிற்கும். அந்த இரண்டு பெண்களின் துணைதான் படத்தின் ஈரம். பாட்டு, காமெடி என்று எந்த இடைச்செருகலும் இல்லாமல், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் படம்.

5. தி இன்விசிபிள் மேன் (2020, ஆங்கிலம்)
ஓடாததற்குக் காரணம்: ஓடினாங்களே!

எச்.ஜி.வெல்ஸ் 1897-ல் எழுதிய நாவலின் கரு. ஆனா இயக்குநர் லீ வானல் கதையை அப்படியே திருப்பிப் போட்டார். கண்ணுக்குத் தெரியாத மனிதனின் கதையா இல்லாம, அவனிடம் மாட்டிய பெண்ணின் கதையா மாற்றினார்.

இந்தப் படம் தொடங்குவதே தப்பி ஓடும் காட்சியில்தான். செசிலியா, கொடுமைக்காரத் துணையிடம் இருந்து நள்ளிரவில் சத்தமில்லாமல் வெளியேறுகிறார். கொஞ்ச நாளில் அவன் தற்கொலை செய்துகொண்டதா செய்தி வருகிறது. ஆனா அவன் பக்கத்திலேயே இருப்பது மாதிரி செசிலியாவுக்குத் தோணுது. கேமரா காலி மூலையைக் காட்டிக்கிட்டு அப்படியே நிற்கும். அங்கே யாரும் இல்லை. நமக்கு வேர்க்கும்.

சொன்னால் யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க. 'உனக்கு மனசு சரியில்லை' என்கிறார்கள். அவனுக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தப் பட்டியலை எழுதத் தூண்டிய படம் இது. அடிக்கிற கணவனோடு ஒரு பெண் வாழ்ந்தாங்கன்னு செய்தி வந்தா, கீழே வரும் முதல் கமென்ட் என்ன? 'அப்பவே விட்டுட்டுப் போயிருக்கலாமே?' தியேட்டர் பின் வரிசையில் இருந்து வரும் அதே குரல். போக நினைப்பவருக்குத் தங்க ஒரு இடம், கையில் காசு, சொல்வதை நம்ப ஒரு ஆள் மூன்றும் வேணும். போன பிறகும் துரத்தல் நிற்கும் என்று உறுதி கிடையாது. இதை எந்தக் கட்டுரையையும்விட இந்த இரண்டு மணி நேரம் நல்லா புரிய வைக்கும். (இப்படி ஒரு நிலையில் இருக்கும் பெண்கள் 181 உதவி எண்ணை அழைக்கலாம்.)

6. ஹிஸ் ஹவுஸ் (2020, ஆங்கிலம்)
ஓடாததற்குக் காரணம்: அரசு விதி

தெற்கு சூடான் போரில் இருந்து தப்பி, கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்த தம்பதி போல், ரியால். வழியில் ஒரு சிறுமியை இழந்திருக்கிறார்கள். தஞ்சக் கோரிக்கை முடிவாகும் வரை அரசு ஒரு வீடு தருகிறது. நிபந்தனைகளும் உண்டு. வேலைக்குப் போகக் கூடாது, வேறு இடத்தில் தங்கக் கூடாது.

அந்த வீட்டின் சுவருக்குள் ஏதோ இருக்கு. புகார் சொன்னா பிரச்னை பண்றவங்கன்னு பெயர் வரும். வீட்டை விட்டுப் போனா விதிமீறல். திருப்பி அனுப்பினா மரணம். பேயோடு குடியிருக்கிறதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி!

ரெமி வீக்ஸின் முதல் முழுநீளப் படம், நெட்ஃபிளிக்ஸில் வெளியானது. தஞ்சம் கேட்டுக் காத்திருந்த அனுபவம் உள்ள ஈழத்தமிழர் குடும்பங்களுக்கு, பேய் வருவதற்கு முந்தைய காட்சிகளே அடிவயிற்றைப் பிசையும். வீடு ஏன் இவர்களை விடமாட்டேங்குது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கு. அதைப் படத்தில் பாருங்க.

7. பூதகாலம் (2022, மலையாளம்)
ஓடாததற்குக் காரணம்: யாரும் நம்பல

ஆஷா, மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கும் டீச்சர். மகன் வினு படிச்சும் வேலை கிடைக்காமல் குடிக்க ஆரம்பித்த இளைஞன். வாடகை வீடு. படுக்கையில் கிடந்த பாட்டி இறந்த பிறகு வினுவுக்கு ராத்திரியில் ஏதேதோ தெரியுது. குடியாலதான்னு சுற்றி இருப்பவர்கள் முடிவு பண்ணிடுறாங்க. அம்மாவுக்கு ஏற்கெனவே மனநோய், இப்ப பையனுக்குமா?

வெளியூர் வேலைக்குப் போகணும்னு மகன் துடிக்கிறான். தனியா விட்டுட்டுப் போகாதேன்னு அம்மா தடுக்கிறார். ஒருத்தரை ஒருத்தர் நம்பாத இரண்டு பேர், ஒரே கூரைக்குக் கீழே. பாதிப் படம் வரைக்கும் பேய் உண்மையா, இல்லை மனசின் விளையாட்டான்னு நமக்கே தெரியாது.

ரேவதிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. ஷேன் நிகம் மகனாக நடித்திருக்கிறார். சோனிலிவ் தளத்தில் நேரடியா வெளியானது. ராத்திரி தனியா பார்க்காதீங்கன்னு நான் சொல்லும் ஒரே படம் இதுதான்.

8. பிரமயுகம் (2024, மலையாளம்)
ஓடாததற்குக் காரணம்: அதிகாரம்

'பூதகாலம்' இயக்கிய ராகுல் சதாசிவனின் அடுத்த படம். 17-ம் நூற்றாண்டு, மலபார். தேவன் என்ற பாணர் குலப் பாடகன் காட்டில் வழிதவறி, பசியோடு ஒரு பாழடைந்த மனைக்கு வருகிறான். வீட்டுக்காரர் கொடுமண் போற்றி. மம்மூட்டி. சாதி பார்க்காமல் சோறு போடுகிறார், தங்கச் சொல்கிறார், பாட்டைப் பாராட்டுகிறார். பிறகு பகடை ஆட அழைக்கிறார். பணயமா வைக்க ஏழைப் பாடகனிடம் என்ன இருக்கு? அவனுடைய நேரம் இருக்கே!

அதற்கப்புறம் தேவனால் வெளியே போக முடியாது. காட்டுக்குள் ஓடினாலும் வழி அந்த மனைக்கே திரும்பும். யார் கையில் அதிகாரம் இருக்கோ, விதியை அவரே எழுதுவார், ஆட்டத்தையும் அவரே ஆடுவார்.

முழுப் படமும் கறுப்பு வெள்ளை. மிகச் சில பாத்திரங்கள், ஒரு வீடு, மழை. மம்மூட்டி சிரிப்பதும் சாப்பிடுவதுமே பயமுறுத்தும். இந்த வேடத்துக்காக அவர் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார்.

எதில் தொடங்கலாம்?

ஹாரர் பழக்கமே இல்லைன்னா 'கேம் ஓவர்' அல்லது 'கெட் அவுட்'. இரண்டிலும் த்ரில்லர் வேகம் இருக்கும், பயந்து பாதியில் நிறுத்த மாட்டீங்க.

கதை, பிரமாண்டம் வேணும்னா 'தும்பாட்', 'பிரமயுகம்'. முடிஞ்ச வரை பெரிய திரையிலோ, இருட்டின அறையிலோ பாருங்க. மொபைலில் அந்த மழையும் நிழலும் பாதிதான் வரும்.

'பூதகாலம்', 'ஹிஸ் ஹவுஸ்' இரண்டுக்கும் பொறுமை வேணும். மெதுவாகத்தான் இறுக்கும்.

'ஹெரிடிட்டரி'யைக் கடைசியா வைங்க. கோரமான காட்சிகள் உண்டு. சமீபத்தில் வீட்டில் ஒரு இழப்பு நடந்திருந்தா இப்போதைக்குத் தவிர்க்கலாம். இந்த எட்டில் எதுவுமே குழந்தைகளோடு பார்க்கும் படம் இல்லை.

அடுத்த தடவை பேய்ப்படம் பார்க்கும்போது பின் வரிசையில் இருந்து 'ஓடிடு'ன்னு குரல் வந்தா, அந்தக் கதவைப் பிடிச்சு வைத்திருப்பது எதுன்னு கொஞ்சம் பாருங்க. படம் அதுக்கு ஒழுங்கா பதில் சொன்னா, அது நல்ல ஹாரர் படம்.